நல்ல விரல்

காலை ஆறரை மணி. இரத்தினேஸ்வரி குசினி நிலத்தில் திருவலையைப் போட்டு அதன்மேல் குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் சிவபாதம் இரத்தத்தில் சீனி பார்க்கும் சின்னப் பெட்டியோடு வந்து முன்னால் நின்றார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தேங்காய்ப் பாதியை வலது கைக்கு மாற்றிவிட்டு, இடது கையைச் சட்டையில் துடைத்து மோதிர விரலை நீட்டினாள். ஊசி குத்தியது. ஒரு துளி இரத்தத்தை ஸ்ட்ரிப் உறிஞ்சியது. விரலை வாயில் வைத்துச் சூப்பிவிட்டு அவள் மறுபடியும் துருவத் தொடங்கினாள்.

தொண்ணூற்றாறு. சிவபாதம் அந்த இலக்கத்தைப் போனில் படமெடுத்து, கீழே "அப்பாவின் இன்றைய சீனி" என்று எழுதி, மட்டக்களப்பில் தாதியாக இருக்கும் மகள் யசோதராவுக்கு அனுப்பினார். அரை நிமிடத்தில் கைதட்டும் படங்கள் நாலு வந்தன. அவர் குசினி வாசலில் நின்றபடியே மூன்று கரண்டி சீனி போட்ட பால் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார்.

சீனி வருத்தம் சிவபாதத்துக்கு. விரல் இரத்தினேஸ்வரியுடையது. மூன்று மாதமாக அந்த வீட்டில் ஏற்பாடு இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இதை ஒரு களவு என்று சிவபாதம் நினைத்ததில்லை. அவர் சல்லி என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். தகப்பன் கரைவலைக்காரர். சிவபாதத்துக்குக் கடல் பிடிக்கும், மீன் நாற்றம் பிடிக்காது. ஆகவே இருபத்துநாலு வயதில் ஒரு கொம்பனியின் டக் போட்டில் கயிறு பிடிக்கச் சேர்ந்தார். டக் என்பது பெரிய கப்பல்களை முட்டித் தள்ளித் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும் சின்னப் படகு. முப்பத்தாறு வருடம் அதில் நின்றார். சண்டைக் காலத்திலும் போனார், சுனாமிக்கு அடுத்த கிழமையும் போனார். கலியாணத்துக்கு அரை நாள்தான் லீவு எடுத்தவர் என்று இரத்தினேஸ்வரி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். மற்ற அரை நாளும் வேலைக்குப் போயிருக்கலாம், தாலி கட்ட ஐந்து நிமிடம் காணும் என்பார் அவர்.

அந்த முப்பத்தாறு வருடத்தில் டக் அவருக்குப் படிப்பித்தது ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு தடவை கொழும்பிலிருந்து பரிசோதகர் வருவார். வருகிற நாள் முன்கூட்டியே தெரியும். துருவைச் சுரண்டி எடுப்பது மூன்று கிழமை வேலை. துருவின்மேல் பெயின்ற் அடிப்பது இரண்டு நாள் வேலை. ஆகவே எல்லோரும் இரண்டு நாள் பெயின்ற் அடித்தார்கள். பரிசோதகர் பளபளப்பைப் பார்த்து ஒப்பம் வைத்துவிட்டு, வறுத்த இறாலும் சோறும் சாப்பிட்டுப் போவார். அடுத்த வருடம் பெயின்ற் ஒரு சுற்றுத் தடிப்பாக இருக்கும். டக் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தன் உடம்பையும் அவர் அதே முறையில்தான் பராமரித்தார். வேலையால் நிற்கும்போது எடுத்த இரத்தச் சோதனையில் சீனி வருத்தம் என்று தெரிந்தது. மூன்று மாதத்துக்கொருக்கால் ஆஸ்பத்திரி கிளினிக். கிளினிக்குக்கு இரண்டு நாள் இருக்கும்போது சிவபாதம் துறவியாகிவிடுவார். பாவற்காய்ச் சாறு, சீனிக்குக் கைமருந்தான தெபு இலைச் சம்பல், வெறும் தண்ணீர். மூன்றாம் நாள் விடிய வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு முன்னால் உள்ள கடையில் இரண்டு சீனிப் பணிசும் பால் தேத்தண்ணியும் எடுப்பார். இலக்கம் நல்லாகவே வரும். கிளினிக் கொப்பியில் சரி அடையாளம் விழும். மிச்ச நாட்களில், குரக்கன் சீனிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, நல்லது கூடினால் இன்னும் நல்லது என்ற நியாயத்தில், ஒரு நேரத்துக்கு இரண்டு நீத்துப்பெட்டி நிறைய அவித்த குரக்கன் மாப் பிட்டு வாழைப்பழத்தோடு உள்ளே போகும்.

போன மார்கழியில் கிளினிக்குக்குப் புதிதாக ஒரு பெண் டொக்டர் வந்தார். அவர் வேறொரு சோதனைக்கு எழுதினார். இரண்டு நாள் பட்டினிக்கு மசியாத சோதனை அது. மூன்று மாதம் இரத்தத்தில் ஓடிய சீனி எவ்வளவு என்று அது சொல்லிவிடும். ஏழுக்குக் கீழே இருக்கவேண்டியது பத்துத் தசம் நாலு என்று வந்தது. டொக்டர் கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டி, ஒவ்வொரு சரி அடையாளத்தையும் பார்த்துவிட்டு, இவ்வளவு வடிவாக நடிக்கிற ஆளைத் தான் கண்டதில்லை என்றார். ஒன்பது மாதம் தவணை தந்தார். இறங்காவிட்டால் இன்சுலின்.

தைப்பொங்கலுக்கு லீவில் வந்த யசோதரா அந்தக் கொப்பியைப் பார்த்தாள். தாதிப் பிள்ளை அல்லவா, கத்தவில்லை. சீனி பார்க்கும் பெட்டி ஒன்றை வாங்கிவந்து மேசையில் வைத்தாள். ஒவ்வொரு நாளும் காலையில் இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பவேண்டும், வாயால் சொல்லுவதைத் தான் நம்பப்போவதில்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த நாள் சிவபாதத்தின் விரலில் ஊசி இறங்க மறுத்தது. முப்பத்தாறு வருடம் கயிறு பிடித்த விரல்கள், தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தன. மூன்று தடவை குத்தி மூன்று ஸ்ட்ரிப் வீணானது. அதைவிட முக்கியமான விஷயம், கப்பல் கயிறு இழுத்து நகம் பிய்ந்தபோது சத்தம் போடாத மனிதர் அந்த ஊசியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு கையைப் பின்னுக்கு இழுத்தார். பெட்டி வேலை செய்கிறதோ இல்லையோ, முதலில் தன் கையில் பார்க்கச் சொல்லி இரத்தினேஸ்வரிதான் விரலை நீட்டினாள். தொண்ணூற்றுநாலு. பெட்டி வேலை செய்கிறது என்று காட்டத்தான் சிவபாதம் அதைப் படமெடுத்து அனுப்பினார். யாருடைய விரல் என்று எழுத மறந்துபோனார். மகள் உடனே போன் எடுத்து, அப்பா இவ்வளவு கெதியாகக் குறைத்துவிட்டாரே என்று அழுதாள். அழுகிற பிள்ளைக்கு என்னத்தைச் சொல்வது? சிவபாதம் பாவற்காயைப் புகழ்ந்துவிட்டுப் போனை வைத்தார்.

இரத்தினேஸ்வரி முதலில் ஏசினாள். பிறகு யோசித்தாள். உண்மை இலக்கத்தை அனுப்பினால் மகள் காலையும் மாலையும் போனில் பாடம் நடத்துவாள், அந்தப் பாடத்தின் அரைவாசி, அப்பாவுக்கு என்ன சமைக்கிறீர்கள் என்று தனக்குத்தான் விழும். ஒரு ஊசிக் குத்தில் அது முடிந்துபோனால் நல்லதுதானே. அவளும் சம்மதித்தாள்.

அவளுக்கு அப்போது வேறொரு கவலை இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது, இடது கண் மோசம். ஊருக்குள் மாடுபோலத் திரிந்து, பகலில் வாசலுக்கு வந்து வாழைத்தோல் தேடும் மான்களைப் பக்கத்து வீட்டு நாய் என்று நினைத்து விரட்டினாள். அவள் முப்பது வருடம் சட்டை தைத்தவள். அந்த ஒழுங்கையில் அவள் தைத்த பிளவுஸ் போட்டுக் கலியாணம் கட்டாத பெண் இல்லை. இப்போது ஊசிக்கு நூல் கோக்க முடியாமல் தையல் மெசின் ஒன்றரை வருடமாகப் பழைய போர்வைக்குள் கிடந்தது. கண் வெட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து, பத்து மாதம் காத்திருந்து, ஆவணி பதினாலாம் திகதி என்று நாள் கிடைத்திருந்தது. கண் தெளிந்ததும் முதலில் என்ன செய்யப்போகிறாய் என்று பக்கத்து வீட்டுப் புஸ்பராணி கேட்டாள். புருஷனின் முகத்தைப் பார்க்கிற அவசரம் எனக்கில்லை, போர்வையை இழுத்தெறிந்துவிட்டு மெசினில் குந்தப் போகிறேன் என்றாள் இரத்தினேஸ்வரி.

பெட்டியில் விழுகிற இலக்கம் அவளுக்குத் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஏதோ அசைவது போலத் தெரியும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு என்று கேட்பாள். நல்லா இருக்கு என்று அவர் சொல்லுவார்.

வைகாசி தொடக்கத்தில் அந்த நல்ல விரல் நூற்றுப்பதினேழு காட்டியது. அடுத்த கிழமை நூற்றிருபத்தாறு. பிறகு நூற்றுமுப்பத்தொன்பது. சிவபாதத்துக்கு எரிச்சல் வந்தது. கடையில் வாங்கிய சாமான் பழுதாகிவிட்டதுபோல அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாம்பழக் காலம், கையில் பழச்சாறு ஒட்டியிருக்கும் என்று நினைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவவைத்துக் குத்தினார். ஐந்து குறைந்தது. சுண்டுவிரலில் குத்தினார், மற்றக் கையில் குத்தினார். எல்லா விரலும் ஒரே கதையைச் சொல்லின. சித்திரை மாதத்துப் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பிப் பார்த்தார். பெட்டியில் திகதியும் விழும் என்பதை அவர் கவனித்திருக்கவில்லை. அப்பா, இது வருடப்பிறப்பு அன்று அனுப்பினது என்று மகள் பதில் போட்டாள். கை தவறிப் போய்விட்டது என்று எழுதினார்.

இனி ஒரு வழிதான் இருந்தது. தன் சீனியைக் குறைக்க வேண்டுமானால் மனைவியின் சீனியைக் குறைக்க வேண்டும்.

டொக்டர் ஐந்து வருடமாகச் சொல்லியும் அவர் செய்யாத அத்தனையையும் அன்றைக்கே தொடங்கினார். மாம்பழக் கூடை புஸ்பராணி வீட்டுக்குப் போனது. சீனிப் பேணி அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது. பாண் நின்றது. வெள்ளைப் பச்சையரிசிக்குப் பதிலாகத் தவிட்டரிசி வந்தது, அதுவும் கோப்பையால் அளந்து. அரைவாசிக் கோப்பை சோறு, மிச்சத்துக்கு முருங்கையிலைச் சுண்டலும் சூடை மீனும். இரத்தினேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வருத்தம் உங்களுக்கு. வெறுந் தேத்தண்ணி எனக்கோ?" என்று கேட்டாள்.

சிவபாதம் சற்று யோசித்தார். பிறகு தன் வாழ்நாளில் சொன்ன பொய்களில் மிக வடிவான பொய்யைச் சொன்னார்.

"நான் தனியச் செய்ய ஏலாது, இரத்தினம். நீயும் சேர்ந்து செய்தால்தான் எனக்கும் மனம் வரும்."

அவள் அந்த வெறுந் தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்து முடித்தாள். நாற்பது வருடத்தில் அவர் தன்னைச் சேர்த்துக்கொண்டு எதையும் செய்ததாக அவளுக்கு ஞாபகமில்லை.

அதோடு நடையும் தொடங்கியது. பின்நேரம் ஐந்து மணிக்கு இருவரும் புறப்பட்டு டச்பே கடற்கரைக்குப் போவார்கள். அவளுக்குப் பாதை மங்கல், ஆகவே அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அவர் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து, முப்பது நிமிடம் முடியுமட்டும் நிற்க விடமாட்டார். முதல் நாள் அவள் செருப்புக் கடித்துப் புண் வந்தது, அடுத்த நாள் அவரே போய் மெத்தென்ற செருப்பு வாங்கிவந்தார். புஸ்பராணி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன இரத்தினக்கா, ரெண்டு பேரும் இப்பத்தான் கலியாணம் கட்டின மாதிரிப் போறியள். பேரப்பிள்ளை கிடைக்க முந்தி இன்னொரு பிள்ளை வரப்போகுதோ?" என்று கேட்டாள். இரத்தினேஸ்வரி வாய்க்கு வாய் கொடுக்கிறவள். அன்று சிரித்துக்கொண்டு போய்விட்டாள். பிறகு தனியாக வந்து, இந்த மனிசனுக்கு வயது போகத்தான் புத்தி வந்திருக்கிறது என்று புஸ்பராணியிடம் சொன்னாள். சொன்ன விதம் பெருமை பேசியது போலத்தான் இருந்தது.

நடை முடிந்ததும் அவளைக் கடற்கரை வாங்கில் இருத்திவிட்டு, வள்ளங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சிவபாதம் போவார். வள்ளங்களுக்குப் பக்கத்தில் ஐஸ்கிறீம் வண்டி நிற்கும்.

விரல் நூற்றிருபத்தெட்டுக்கு இறங்கியது. அந்தக் கிழமை முழுவதும் சிவபாதம் ஏதோ பெரிய கப்பலைத் தனியாகக் கட்டியவர் மாதிரித் திரிந்தார். யசோதரா போனில் அவரைப் பாராட்டி, தன் வார்டில் சீனிக்காரரிடம் அப்பாவைத்தான் உதாரணம் சொல்லுவதாகச் சொன்னாள். அவர் அடக்கமாக, உணவுக் கட்டுப்பாடுதான் முக்கியம் பிள்ளை, வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று அறிவுரை சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வாய்தான் வேறு.

ஆனி பிறந்ததும் விரல் மறுபடியும் ஏறியது. இந்த முறை நடைக்கும் அடங்கவில்லை, முருங்கையிலைக்கும் அடங்கவில்லை. நூற்றைம்பத்துநாலு. நூற்றெழுபத்தொன்று. இரத்தினேஸ்வரி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள், வெயில் என்றாள். சட்டை தொளதொளத்தது, நடந்து மெலிந்துவிட்டேன் என்றாள். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் இது இரண்டும் படம் போட்டு எழுதியிருப்பதை சிவபாதம் ஐந்து வருடமாக வரிசையில் நின்று வாசித்தவர்.

அந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பரேஷனுக்கு ஒரு கிழமைக்கு முன்னால் இரத்தம் சோதிக்க வரவேண்டும், இன்ன இன்ன கொண்டுவரவேண்டும் என்று இருந்தது. இரத்தினேஸ்வரி கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்க, அவர் உரத்து வாசித்தார். நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே அறிவிக்கவும் என்ற வரி வந்தது. அதையும் வாசித்துவிட்டார்.

"அது உங்கட பாடம். எனக்கில்லை," என்று அவள் சிரித்தாள்.

அவர் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார்.

இருநூற்றுநாலு காட்டிய அன்று அவர் குசினியில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றார். மகள் படத்துக்குக் காத்திருப்பாள். வீட்டில் இருந்த இருபது விரலில் நல்ல விரல் ஒன்றும் மிஞ்சவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தியில் இருக்கும் பாமசி மருந்துக்கடைக்குப் போனார். அதை நடத்துகிறவர் முனீப், கிண்ணியாக்காரர், நாற்பது வயது, மெலிந்த ஆள். சிவபாதத்துக்குக் குளுசையும் ஸ்ட்ரிப்பும் கொடுக்கிறவர். பெட்டி சரியோ பிழையோ என்று பார்க்கவேண்டும், ஒரு விரல் தா தம்பி என்றார் சிவபாதம். முனீப் நீட்டினார். நூற்றொன்று. சிவபாதம் போனை எடுத்துப் படம் பிடித்து எழுதத் தொடங்கியபோது முனீப் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"என்ட விரல எங்க அனுப்புறீங்க அண்ணன்?"

கடையில் வேறு யாரும் இல்லை. சிவபாதம் எல்லாவற்றையும் சொன்னார். முதலில் முனீப் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஊரெல்லாம் வாடகைக்கு வீடு எடுக்கிறார்கள், நீங்கள் வாடகைக்கு இரத்தம் எடுக்கிறீர்கள் என்றார். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப அக்காட விரல் இண்டைக்கு என்ன காட்டினது?"

"இருநூற்றுநாலு."

"அக்காக்குத் தெரியுமா?"

சிவபாதம் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த இருமல் மருந்துகளைப் பார்த்தார்.

"அண்ணன், நீங்க குளுசை போடுங்க, போடாம விடுங்க, அது ஒங்கட ஒடம்பு," என்றார் முனீப். "அக்காக்கு ஆவணியில கண் வெட்டு. இந்தச் சீனியோட கத்தி வைக்கமாட்டாங்க. நாளைக்கே கிளினிக்குக் கூட்டிப் போங்க. இன்னம் ஒரு மாசத்துக்கு மேல இரிக்கி. குளுசை தொடங்கினா எறங்கும்."

நாளைக்குத் தன் விரலைக் கேட்டு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

சிவபாதம் அன்றைக்கே சொல்லத்தான் நினைத்தார். வீட்டுக்கு வரும் வழியிலேயே வார்த்தைகளையும் அடுக்கிவைத்திருந்தார். ஆனால் கூட்டிப்போனால் கிளினிக்கில் அந்தப் பெண் டொக்டர், எப்போது தொடக்கம் என்று கேட்பார். மகள் கேட்பாள், அம்மாவின் விரலை ஏன் குத்தினீர்கள் என்று. இரத்தினேஸ்வரியும் கேட்பாள். மூன்று பெண்களுக்குப் பதில் சொல்வதைவிட மூன்று கட்டை தூரம் நடப்பது இலேசாகத் தெரிந்தது. அவள் கண்ணுக்குப் பரிசோதகர் வர இன்னும் ஐந்து கிழமை இருந்தது. ஐந்து கிழமையில் ஒரு டக்கைக் கரையேற்றி அடியோடு சுரண்டலாம்.

அன்று முனீப்பின் இலக்கத்தை மகளுக்கு அனுப்பினார், அடுத்த நாள் ஸ்ட்ரிப் தட்டுப்பாடு என்று எழுதினார். பெட்டியை மட்டும் நிறுத்தவில்லை, விடிய விடியக் குத்திப் பார்த்தார். இப்போது படம் எடுக்கவில்லை. ஒரு நேர நடை இரண்டு நேரமானது. அரைக் கோப்பை சோறு கால் கோப்பையானது. ஐஸ்கிறீம் வண்டிப் பக்கம் அவர் போகவில்லை, அவளோடு வாங்கில் இருந்து கடலைப் பார்த்தார். கடலில் நிற்கும் கப்பல் எது, எங்கிருந்து வந்தது, அதன் கயிறு எந்தப் பக்கம் போடவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவளுக்குக் கப்பல் தெரியவில்லை. ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் படியில் அவளுக்குத் தலை சுற்றியது. கையைப் பிடித்திருந்தபடியால் விழவில்லை. நீங்கள் பிடிச்சிருக்கிறபடியால் எனக்குப் பயமில்லை என்றாள். அன்று அவர் வாயைத் திறந்தார். ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. திறந்த வாயால், தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டார்.

ஆவணி ஏழாம் திகதி காலை கண் கிளினிக்கில் அவளுக்கு இரத்தம் எடுத்தார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து ஒரு தாதி தாளோடு வந்தார். இருநூற்றிருபத்தாறு. இவ்வளவு சீனியோடு கண் வெட்ட ஏலாது, புண் ஆறாது, கிருமி பிடித்தால் உள்ள கண்ணும் போய்விடும் என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். முதலில் சீனிக் கிளினிக்குக்குப் போய் மருந்து தொடங்கவேண்டும். சீனி இறங்கியபிறகு திரும்பப் பெயர் பதியலாம். தை மாதமளவில் பார்க்கலாம்.

இரத்தினேஸ்வரி பயப்படவில்லை. ஏதோ பிழை நடந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த முயன்றாள்.

"இல்லை மிஸ். எனக்குச் சீனி இல்லை. இவர் ஒவ்வொரு நாளும் காலமை பெட்டியில பார்க்கிறவர். இண்டைக்கும் பார்த்தவர். நல்லா இருக்கு எண்டுதான் சொன்னவர்."

தாதி சிவபாதத்தைப் பார்த்தார். இரத்தினேஸ்வரியும் அவர் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவள் பார்வை அவருடைய தோளுக்குச் சற்று மேலே விழுந்தது. ஐயா, காலமை எவ்வளவு இருந்தது என்று தாதி கேட்டார்.

"இருநூற்றுப்பத்தொன்பது," என்றார் சிவபாதம்.

ஓட்டோவில் வரும்போது இரத்தினேஸ்வரி மடியில் ஆஸ்பத்திரி உறையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் வழியில் வந்த கடைகளின் பெயர்களைக்கூடச் சொல்லிப் பார்த்தார். புதிதாக ஒரு புடைவைக் கடை திறந்திருக்கிறார்கள் என்றார். ஓட்டோக்காரர் மட்டும் ஓம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சிவபாதம் மேசையில் பெட்டியை வைத்து மகளுக்குப் போன் எடுத்தார். ஒப்பரேஷனுக்கு வருவதற்காக லீவு எடுத்து, பஸ் இருக்கை பதிந்துவைத்திருந்தாள் அவள். வரவேண்டாம் என்று தொடங்கி, ஏன் என்று அவள் கேட்க, தை மாதத்திலிருந்து அனுப்பின படம் எல்லாம் யாருடைய விரல் என்பதைச் சொல்லி முடித்தார். முனீப்பின் விரலையும் விடவில்லை. அவள் ஏசியிருந்தால் அவருக்கு இலேசாக இருந்திருக்கும். இப்ப உங்கட சீனி எவ்வளவு அப்பா என்று மட்டும் கேட்டாள்.

அவர் போனை ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு ஊசியை ஆகக் கூடின அளவுக்குத் திருகினார். கண்ணை மூடவில்லை. பெருவிரலின் பக்கவாட்டில், கயிறு படாத தோலில் குத்தினார். முதல் தடவையே இரத்தம் வந்தது. முந்நூற்றுப்பதினெட்டு. படம் எடுத்து அனுப்பினார். நாளைக்கு இரண்டு பேரும் கிளினிக்குக்குப் போங்கோ, இன்சுலின் எண்டால் இன்சுலின், அம்மாட்டக் குடுங்கோ என்றாள் மகள். இரத்தினேஸ்வரி கதிரையில் இருந்தபடியே பிறகு கதைக்கிறேன் என்று சொல்லச் சொன்னாள்.

போன் நின்றது. தன் உண்மை இலக்கத்தைச் சொன்னதற்கு ஏதாவது கிடைக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவேண்டும், ஒரு ஏச்சாவது. பெட்டியைத் துடைத்தார். ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போட்டார். தை மாதம் என்றால் ஐந்து மாதம்தானே, குளுசை போட்டால் கெதியாக இறங்கும், டொக்டரிடம் கேட்டு முன்னுக்கு எடுக்கலாம் என்றெல்லாம் சொன்னார்.

"எண்டைக்குத் தெரியும் உங்களுக்கு?" என்று அவள் கேட்டாள்.

அவர் வைகாசி தொடக்கம் என்றார். பிறகு, அப்போது கொஞ்சம்தான் கூட, ஆனியில்தான் சரியாக ஏறினது என்றார்.

அவள் விரலை மடித்து எண்ணினாள். வைகாசி, ஆனி, ஆடி. முருங்கையிலை எப்போது வந்தது, மாம்பழம் எப்போது போனது என்று அவளுக்குத் தெரியும். புதுச் செருப்பு வந்த நாளும் தெரியும்.

"அப்ப நீங்கள் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனது," என்றாள், "என்ர கண்ணுக்கோ? உங்கட படத்துக்கோ?"

சிவபாதம் சொல்ல வெளிக்கிட்டார். படத்துக்கு என்று தொடங்கினால் அது முழுதும் உண்மையில்லை. கண்ணுக்கு என்று தொடங்கினால் அதுவும் இல்லை. நடுவில் எங்கேயோ ஒரு நாள் இருந்திருக்கவேண்டும். அது எந்த நாள் என்று அவர் நினைத்துப் பார்த்தார். வாங்கில் இருந்த நாளா, படியில் தலை சுற்றின நாளா, அதற்கு முந்தியா? அவருக்கே பிடிபடவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரத்தினேஸ்வரி பொறுத்துப் பார்த்தாள். பிறகு கதிரைக் கையை ஊன்றி எழும்பினாள். அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். அது அவளுக்குத் தெரிந்ததோ இல்லையோ, சுவரைத் தடவித் தடவி அறையை விட்டு வெளியே போனாள்.